வலிமானி சொன்ன ஜீரோ

எனக்கு முதுகு வலியே இல்லை என்று ஓர் இயந்திரம் சொல்லிவிட்டது. வாயைத் திறந்து சொல்லவில்லை. திரையில் பச்சை நிறத்தில் ஒரு ஜீரோவைப் போட்டுக் காட்டியது. பத்தொன்பது வயதில் வந்து ஒட்டிக்கொண்டு, இருபத்தேழு வயதாகியும் ஒரு நாள்கூட என்னை விட்டு நகராத வலிக்கு அது கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

“சந்தோஷப்படும்மா ஜெனோவா, உனக்கு வலியே இல்ல,” என்றார் டாக்டர் ஆதிநாராயணன்.

அவர் நான் வேலை பார்க்கும் கண்டெய்னர் முனையத்தின் மருத்துவர். கெட்ட மனிதர் இல்லை. உண்மையிலேயே நல்ல சேதி சொல்வதாக நினைத்துத்தான் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் திரையைத் தூக்கிக் கடலில் போட்டிருப்பேன். தூக்குவதற்கு முதுகு சம்மதிக்க வேண்டுமே, அதனால் விட்டுவிட்டேன்.

வலிமானியைத் தெரியாதவர்கள் இப்போது யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தலையைச் சுற்றி ஒரு பட்டை, முதுகுத்தண்டு நெடுக இன்னொரு பட்டை. மூளைக்குள் வலி ஓடும் பாதையை அது மோப்பம் பிடித்து, பத்துக்கு இத்தனை என்று எண்ணாக மாற்றிவிடும். பணியிட வலிச் சட்டம் வந்த பிறகு எந்தத் தொழிற்சாலையிலும் அது இல்லாமல் கதவைத் திறக்க முடியாது. நாலுக்கு மேல் வந்தால் அந்த ஆளுக்கு ஏற்றபடி வேலை முறையை மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டும். சட்டம் வந்த அன்று நாங்கள் எல்லோரும் லட்டு வாங்கித் தின்றோம். ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஒரு வால் இருந்தது. வலி என்று புகார் கொடுத்துவிட்டு, மானியில் ஒன்றுகூட வராவிட்டால் அது பொய்ப் புகார். பொய்ப் புகார் கொடுத்த ஆள் கனரக இயந்திரம் எதையும் இயக்கக் கூடாது, உரிமம் ரத்து.

நான் இயக்குவது கிரேன். தூத்துக்குடிக்கு வரும் கப்பல்களிலிருந்து கண்டெய்னர்களை, எங்கள் பேச்சில் பெட்டிகளை, இறக்குகிற வேலை. கிரேன் உச்சிக்கு ஆள் ஏறிய காலமெல்லாம் மலையேறிப் போய்விட்டது. இப்போது ஏசி அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியை அசைத்தால் போதும், அங்கே அத்தனை பெரிய இரும்பு அசையும். அந்தக் கைப்பிடியைப் பிடிக்க நான் எத்தனை தேர்வு எழுதியிருப்பேன் என்று கேட்காதீர்கள். எனக்குப் பிடித்த வேலை உலகத்திலேயே அது ஒன்றுதான். ஆனால் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அதுதான் எனக்கு எமன்.

வேலை செய்தால் வலிக்கிற முதுகு எல்லோருக்கும் தெரிந்தது. என்னுடையது சும்மா இருந்தால் வலிக்கும். முதுகெலும்பின் அடி மூட்டுகளில் அழற்சி என்றார் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவர். படுத்தால் கூடும், உட்கார்ந்தால் கூடும், நடந்தால் குறையும், ஓடினால் இன்னும் குறையும். விடியற்காலையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரள ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுக்க வேண்டும். அதே நான்தான் சித்தி மகள் கலியாணத்தில் விடாமல் ஆடினேன். அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும் என் வலிக்கு அன்றே கருமாதி செய்துவிட்டார்கள். எக்ஸ்ரேயும் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. வேலை செய்தால் குறைகிற வலியா, அப்படியானால் நன்றாக வேலை செய் என்று சிரிக்காத ஆளே இல்லை.

நான் முனையத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. மணிக்கொரு தடவை எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வர வேண்டும். லீவு கேட்கவில்லை, மருந்துச் செலவு கேட்கவில்லை. மனிதவள அதிகாரி வெற்றிவேல் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கப்பல் காத்துக்கிடக்கும்போது உனக்கு வாக்கிங் கேட்கிறதா என்றார். அதனால்தான் புகார் கொடுத்தேன். மானியில் உட்கார வைத்தார்கள், ஜீரோ வந்தது. இனி விசாரணை. அதில் தோற்றால் உரிமம் போகும், இந்தக் கடற்கரை முழுக்க எந்தக் கிரேனும் என்னைக் கிட்டச் சேர்க்காது. பொய்க்காரி என்ற பெயர் மட்டும் கூடவே வரும்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என் அம்மா சலேத்தம்மாள் கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக மீன் விற்பவள். வண்டி வாங்கித் தருகிறேன் என்றால் கழுத்து எதற்கு இருக்கிறது என்பாள். அப்பா போன பிறகு அந்தக் கூடைதான் என்னைப் படிக்க வைத்தது, அதனால் அவளை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வராது. ஒனக்கும் முதுகுதான், எனக்கும் முதுகுதான் என்பது அவளுடைய வாய்ப்பாடு. நான் வலி என்றால் அவள் அதைச் சோம்பல் என்றே எடுத்துக்கொள்வாள்.

“மெசினே சொல்லிட்டுல்லா ஏட்டி,” என்றாள். “இனியாவது இந்த வலி வலிங்கிறத விட்டுத் தொலை.”

அதில் நக்கல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இல்லை. மகளுக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதிதான் இருந்தது. மற்றவர்கள் நம்பாதது கோபத்தைத்தான் கொடுத்தது. அவள் நம்பாதது என்னை அழ வைத்தது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இதற்கு நடுவில்தான் வேலையில் அந்தக் கூத்து நடந்தது.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஷிஃப்டுக்கு வந்து உட்கார்ந்ததும் எடைத் திரையில் ஜீரோ பொத்தானை அமுக்க வேண்டும். பெட்டியைக் கவ்வும் இரும்புச் சட்டத்துக்கும் கம்பி வடத்துக்கும் சொந்த எடை இருக்கிறதே, அது கணக்கில் வரக்கூடாது என்பதற்காக. வெறும் சட்டம் தொங்கும்போது அமுக்கிவிட்டால் அதற்குப் பிறகு திரை காட்டுவது பெட்டியின் எடை மட்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம் அது.

அன்று எனக்கு முன் ஷிஃப்ட் ஃபரீதாக்கா. காயல்பட்டினத்துக்காரர், கிரேனில் எனக்கு ரொம்ப மூத்தவர். ஆளில்லா லாரி ஒன்று பாதி வழியில் மக்கர் பண்ணிவிட்டதால் அவர் ஒரு பெட்டியை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லித் தொழப் போய்விட்டார். எனக்கு மண்டை முழுக்க விசாரணைதான். வந்து உட்கார்ந்தேன், கை தன் பாட்டுக்கு ஜீரோவை அமுக்கியது. திரையில் ஜீரோ. மேலே பெட்டி தொங்குகிறது. நான் கவனிக்கவே இல்லை. லாரி வந்ததும் இறக்கினேன். பெட்டி உட்கார்ந்து கம்பி வடம் தளர்ந்ததும் திரை சிவந்துபோய் மைனஸ் இருபத்திரண்டு டன் என்று காட்டியது. மணி வேறு அடித்தது.

திரும்பி வந்த ஃபரீதாக்கா பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“தொங்க விட்டுட்டு ஜீரோ அமுக்கினா தொங்குறது எப்படி புள்ள கணக்குல வரும்?” என்றார். “எறக்கினாத்தானே தெரியும், எவ்வளவு தொங்குச்சுன்னு.”

நானும் சிரித்தேன். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. வலிமானியில் உட்கார்ந்த அன்று நர்ஸ் சொன்னது மண்டையில் உறைத்தது. கொஞ்ச நேரம் அசையாமல் உட்காருங்கள், மெஷின் முதலில் உங்களைப் பழகிக்கொள்ளும் என்றாள். அசையாமல் உட்கார்வதா? என் முதுகுக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் குனி, நட, தூக்கு என்று அளந்தார்கள். அத்தனை வலியும் தொங்கிக்கொண்டிருக்கும்போதே என் மேல் ஜீரோ அமுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று இடித்தது. நடந்தபோது எனக்கு வலி குறைந்தது. அப்படியானால் மானியில் மைனஸ் அல்லவா வந்திருக்க வேண்டும்? வந்தது வெறும் ஜீரோதானே.

வலிமானியைச் செய்யும் கம்பெனியின் பொறியாளர் இசக்கிராஜா மாதம் ஒருமுறை முனையத்துக்கு வருவார். அம்பாசமுத்திரத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். கேண்டீனில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தவரின் எதிரில் போய் நின்றேன், உட்காரவில்லை.

“ஒங்க மெசின்ல மைனஸ் வருமா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “வலி எப்படிங்க மைனஸ்ல போகும்?”

“வலி போகாது. எண் போகுமான்னு கேக்கேன்.”

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “உள்ளுக்குள்ள வரும். அது சும்மா இரைச்சல்னு விட்டுட்டோம். ஜீரோவுக்குக் கீழ எது வந்தாலும் ஜீரோன்னே காட்டச் சொல்லியிருக்கு.”

“என்னோடத எடுத்துப் பாருங்க.”

அப்படியெல்லாம் காட்டக் கூடாது என்று முதலில் மறுத்தார். நான் நகரவில்லை. நகர்ந்தால்தான் எனக்கு வலி குறையும், ஆனாலும் நகரவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு டேப்லெட்டை எடுத்துத் தேடினார். தேடியவர் திரையை என் பக்கம் திருப்பினார். குனிந்தபோது மைனஸ் ஒன்று, நடந்தபோது மைனஸ் மூன்று என்று இருந்தது.

பிறகு அவராகவே பேசினார். ஒவ்வொருவர் மூளையும் ஒவ்வொரு விதம். ஒருவருக்குச் சும்மா இருக்கும்போதே சமிக்ஞை கூடுதலாக இருக்கும், இன்னொருவருக்குக் குறைவாக இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கழிப்பதற்காக, ஆளை முதலில் ஓய்வாக உட்கார வைத்து, அந்த நிலையையே அவருடைய ஜீரோ என்று வைத்துக்கொள்கிறார்கள். சோதனைக்கு வந்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். ஊசியால் குத்தினார்கள், பனிக்கட்டியில் கையை வைத்தார்கள், மானி துல்லியமாகச் சொன்னது. புதிதாக வரும் வலியை அது ஒருநாளும் தவறவிட்டதில்லை.

“எப்பவும் வலியோடயே இருக்கிற ஆளை யாரையும் உக்கார வைக்கலையா?”

“வச்சோம்,” என்றார் மெதுவாக. “ஜீரோ வந்துச்சு. குணமாயிட்டாங்கன்னு எழுதிக்கிட்டோம்.”

அவர் பரோட்டாவை அதற்கு மேல் தொடவில்லை. அங்கேயே உட்கார்ந்து, நாட்டில் பொய்ப் புகார் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் பதிவுகளில் மைனஸ் எத்தனை என்று தேடிப் பார்த்தார். திரையில் பட்டியல் ஓடிக்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. தையல் ஆலைகளில், பேருந்துப் பணிமனைகளில், அழைப்பு மையங்களில் வேலை பார்த்தவர்கள். பாதிக்கு மேல் என் வயதுக்காரர்கள். இந்த வயதில் உனக்கு என்ன வலி என்று கேட்கப்பட்டவர்கள். இதை வெளியே சொன்னால் தன் வேலை போய்விடும் என்றார். என்னுடையதும் போகத்தான் போகிறது, சேர்ந்தே போவோம் என்றேன். அவர் டேப்லெட்டைப் பைக்குள் வைத்தார். பிறகு விசாரணை எந்த நாள் என்று கேட்டார்.

முனையத்தின் மருத்துவ அறையில் நடந்த விசாரணைக்குத் தொழிலாளர் துறையிலிருந்து கமலவேணி என்ற அதிகாரி வந்திருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ரகம். டாக்டர் ஆதிநாராயணன் ஒரு பக்கம், வெற்றிவேல் ஒரு பக்கம். இசக்கிராஜா எல்லாவற்றையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். டாக்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது. வெற்றிவேல் மட்டும் கொட்டாவி விட்டார். இது ஆளைச் சரிகட்டிக் கூட்டி வந்த கதை, இதைக் கேட்டு உரிமம் கொடுக்க ஆரம்பித்தால் துறைமுகம் நடத்த முடியாது என்றார்.

சும்மா விடுவேனா? பையிலிருந்து கல் உப்புப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். எங்கள் ஊர் உப்பு, ஒவ்வொரு கல்லும் கடலைப் பருப்பைவிடப் பெரிசு. இதை ஷூவுக்குள் போட்டுக்கொண்டு சார் நிற்கட்டும், அந்த நிலையிலேயே மெஷின் அவரைப் பழகட்டும், பிறகு அளப்போம் என்றேன். இது என்ன விளையாட்டு என்று வெற்றிவேல் எழுந்தார். கமலவேணி கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார்.

“உப்புதானே சார், போட்டுத்தான் பாருங்களேன்,” என்றார்.

மாட்டிக்கொண்டார். சாக்ஸைக் கழற்றிவிட்டு உப்பைக் கொட்டி, பளபளவென்று இருந்த அந்த ஷூவுக்குள் காலை விட்டார். தலையில் பட்டையைக் கட்டினோம். மெஷின் பழகும் வரை அசையக் கூடாது. ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறப் பார்த்தார், இசக்கிராஜா மரியாதையாக வேண்டாம் என்றார். நெற்றியில் வேர்வை கோத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டார். என் முதுகோடு நான் தினமும் உட்காரும் உட்கார்வு அது, ஆனால் அவருக்குச் சில நிமிடம்தான். பிறகு அளந்தோம். திரையில் பச்சை ஜீரோ.

“சந்தோஷப்படுங்க சார், உங்களுக்கு வலியே இல்ல,” என்றேன்.

முதலில் சிரித்தது டாக்டர்தான். சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், என்னைப் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றியதும் இசக்கிராஜா உள்ளே மறைந்திருந்த எண்ணைத் திரைக்குக் கொண்டுவந்தார். மைனஸ் இரண்டரை. வெற்றிவேல் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குள் அப்போது இருந்த குஷியைச் சொல்லி மாளாது.

ஆனால் கமலவேணி லேசுப்பட்ட ஆள் இல்லை. மெஷின் தப்பு என்பது நிரூபணமாகிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன் என்றார். அதே மூச்சில், மெஷின் தப்பு என்பதாலேயே இந்தப் பெண் சொல்வது சரியாகிவிடாது என்றும் சொன்னார். இவருக்கு வலி இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது என்று எந்த எண் சொல்லும்? அந்த எண்ணைக் கொண்டுவர ஒரு மாதம் கெடு, அதுவரை உரிமம் நிறுத்தி வைக்கப்படும், வராவிட்டால் ரத்து.

நான் இசக்கிராஜாவின் பக்கம் திரும்பினேன். 

“தரை எங்க இருக்குன்னு தெரியணும்,” என்றார் அவர். “கொஞ்சம்கூட வலி இல்லாத ஒரு ஆள் கிடைச்சா, அவங்க சமிக்ஞை இருக்கிற இடம்தான் தரை. அதுல இருந்து உங்கள அளக்கலாம்.”

வலியில்லாத ஆளா கிடைக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. இசக்கிராஜா முனையத்தில் மருத்துவ அறையிலேயே முகாம் போட்டு, எதையும் கழிப்பதற்கு முந்தைய அசல் எண்ணை ஒவ்வொருவருக்கும் எடுத்தார். ஆளுக்கு ஆள் எண் வேறு வேறாக இருந்தது. முன்பு அதை மூளையின் வித்தியாசம் என்று நினைத்திருந்தார்கள். துருவிக் கேட்டால் ஆளுக்கொரு வலி இருந்தது. ஃபரீதாக்காவுக்கு முழங்கால், காவலாளிக்குக் குதிகால், வெற்றிவேலுக்குக் கழுத்து. டாக்டர் ஆதிநாராயணனின் எண் எல்லோரையும்விட மேலே இருந்தது. இத்தனை காலமாக எனக்கே நான் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்றார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. சேதி பரவி, என்னையும் அளங்கள் என்று ஆட்கள் வரிசை கட்டினார்கள். எல்லோருக்கும் ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தரை மட்டும் அகப்படவில்லை. கமலவேணி கொடுத்த கெடு முடியும் நாளும் வந்தது.

அன்றைக்கு என் அம்மா முனையத்துக்கு வந்துவிட்டாள்.

சந்தையில் எவளோ அவளிடம், உன் மகள் ஆபீசர் ஷூவுக்குள் உப்பைப் போட்டுவிட்டாள், போலீஸ் பிடிக்கப் போகிறது என்று சொல்லியிருக்கிறாள். பதறிப்போய்க் கூடையோடு அப்படியே வந்திருக்கிறாள். ஏசி அறை முழுக்கச் சாளை மீன் வாடை. கூடையை இறக்கக்கூட இல்லை. பிள்ளை அறியாமல் செய்துவிட்டாள், மன்னித்துவிடுங்கள் ஐயா என்று டாக்டரைக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, இல்லாத வலியை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறாயே, உனக்கு வெட்கமில்லையா என்று ஆரம்பித்தாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அவளை அமைதிப்படுத்த வேண்டுமே என்றுதான் இசக்கிராஜா நாற்காலியை இழுத்துப் போட்டார். நீங்களும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள் அம்மா, ஒன்றும் செய்யாது என்றார். பெரிய மெஷின் முன்னால் மறுத்துப் பேச அவளுக்கும் தயக்கம். கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

திரையில் கோடு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

இசக்கிராஜா பட்டை கழன்றுவிட்டது என்று நினைத்தார். கழற்றி வேறு பட்டை மாட்டினார். அப்போதும் அங்கேயே கிடந்தது. கூடையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார். அசையவில்லை. உணர்ச்சியே இல்லையோ என்று சந்தேகப்பட்டு டாக்டர் அவள் புறங்கையில் லேசாகக் கிள்ளினார். கோடு துள்ளி மேலே ஏறியது, அவளும் என்னவே இது என்று முறைத்தாள். விட்டதும் கோடு நேராகப் பழைய இடத்துக்கே இறங்கிவிட்டது.

“ஒங்களுக்கு முதுகு வலிச்சதே இல்லியாம்மா?” என்று கேட்டார் இசக்கிராஜா.

“எதுக்கு வலிக்கணும்?” என்றாள் அம்மா. “கூடை கனமாத்தான் இருக்கும். எறக்குனா போயிரும்.”

பிள்ளை பெற்றபோது என்று டாக்டர் இழுத்தார். அது பெத்தப்பதானே வலிச்சுது என்றாள். பெற்ற மறுநாள் கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பாளாம். மீனுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டதுபோல, அந்தக் கேள்விகளே அவளுக்கு வேடிக்கையாக இருந்தன.

பட்டை கழன்ற பிழை என்று அதுவரை ஒதுக்கி வைத்திருந்த மற்ற ஊர்ப் பதிவுகளில் ஆகக் கீழே கிடந்த சிலரை இசக்கிராஜா தேடி எடுத்தார். எங்கோ மார்த்தாண்டத்தில் ஒருவர், ஓசூரில் ஒருவர், இப்படி ஏழெட்டுப் பேர். எல்லோருடைய கோடும் அம்மாவின் கோடும் ஒரே இடத்தில் வந்து படிந்தன.  இதுதான் தரை என்றார் இசக்கிராஜா. பட்டையை எடுத்து என் தலையில் கட்டிவிட்டு, அசையாமல் உட்காரச் சொன்னார். அம்மாவின் ஜீரோவிலிருந்து என்னை அளந்தார்.

ஏழு வந்தது.

எழுந்து அறைக்குள் நாலு சுற்று நடந்து வந்தேன். எண் படிப்படியாக இறங்கி நாலில் வந்து நின்றது. இத்தனை வருடம் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததை, உட்கார்ந்தால் கூடும் நடந்தால் குறையும் என்பதை, அந்தத் திரை எல்லோர் கண்முன்னாலும் அப்படியே ஒப்பித்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. கண்ணீர்தான் வந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. டாக்டர் எழுந்து வந்து, என்னை மன்னித்துவிடம்மா என்றார். கெடு நாள் என்பதால் வீடியோ அழைப்பில் வந்த கமலவேணி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, உரிமம் இந்த நிமிடத்திலிருந்து செல்லும், மணிக்கொரு தடவை நடக்க அனுமதி என்றார். அதற்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார். வெற்றிவேல் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கழுத்துக்கு ஏற்ற நாற்காலி இப்போது வந்துவிட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் அவளுடைய ஜீரோ, இன்னொரு பக்கம் என்னுடைய ஏழு. கூடையை எடுக்கக் குனிந்தவள் எடுக்காமல் நிமிர்ந்தாள்.

“எல்லாருக்கும் முதுகு இப்படித்தான் இருக்கும்னுல்லா நெனச்சேன்,” என்றாள்.

அடுத்த மாதங்களில் நடந்ததெல்லாம் நீங்கள் செய்தியில் பார்த்ததுதான். நாடு முழுக்க வலிமானிகளின் தரையை மாற்றினார்கள். பொய்ப் புகார் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குத் திரும்பினார்கள். இசக்கிராஜாவைக் கம்பெனி முதலில் வெளியே அனுப்பியது, பிறகு தானே ஆள் விட்டுக் கூப்பிட்டது. என் அம்மா சந்தையில், நாட்டுக்கே ஜீரோ நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். அதற்குப் பெருமைப்படுவதா என்று யாரும் கேட்கத் துணிவதில்லை.

ஆனால் அன்று மாலை நடந்தது எந்தச் செய்தியிலும் வரவில்லை. முனைய வாசலில் ஆட்டோ பிடிக்கப் போனேன். அம்மா வேண்டாம் என்றாள், நடந்தே போவோம், ஒனக்கு நடந்தாத்தானே கொறையும் என்றாள். கடற்கரைச் சாலையில் கூடையோடு என் பக்கத்தில் பேசாமல் வந்தாள். அவள் பேசாமல் வந்து நான் பார்த்ததே இல்லை. பாதி தூரம் போனதும் கேட்டாள்.

“ஏழுன்னா எப்பிடிட்டி இருக்கும்?”

எட்டு வருடத்தில் அவள் என்னிடம் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி. நான் சொல்ல ஆரம்பித்தேன். விடியற்காலையில் ஜன்னல் கம்பியைப் பிடிப்பதிலிருந்து ஆரம்பித்து, செருப்பு மாட்டக் குனிவதை, தும்மல் வந்தால் பயப்படுவதை, சினிமா கொட்டகையில் ஓர ஸீட் கேட்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை. வழியில் இரண்டு பேர் சாளை என்ன விலை என்று கேட்டார்கள். இன்னைக்கு யாவாரம் இல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டு, நீ சொல்லு ஏட்டி என்றாள்.